சரியாக உபயோகிக்கவும்

மேடவாக்கத்தில் எங்கள் வீட்டு ஓனர் சம்பத் அண்ணன், மோட்டார் சுவிட்சுக்கு மேல் ஒரு அட்டை ஒட்டியிருந்தார். 'மோட்டார். சரியாக உபயோகிக்கவும்.' அவ்வளவுதான். எது சரி என்று அவருக்குத் தெரியும். குடியிருப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தொட்டி வழிந்தால் மாடியிலிருந்து கத்துவார். தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கிற ஊரில் அந்தக் கத்தலை யாரும் தப்பென்று சொல்ல முடியாது.

கீழ் வீட்டில் நான், முதல் மாடியில் கலீல், அதற்கு மேலே அவர். மூன்று பேருக்கும் சிறுசேரியில் ஒரே ஐடி ஆபீஸ். தினமும் போவது அவருடைய காரில்.

ஆபீஸில் அவர் பெயர் லாக் சம்பத். சர்வர் தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதி வைத்துக்கொண்டே போகும்; அதுதான் லாக். பணம் போகவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தால், அந்தக் குவியலில் அவருக்கான வரியைத் தேடி எடுக்க வேண்டும். அதற்கான கருவியைச் செய்தவரே சம்பத்தான். "அண்ணா, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று ஆட்கள் வந்து நிற்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

இந்த வருஷம், சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கிற ஏஐ ஏஜென்ட் வந்தது. இனி லாக்கை அதுவே எடுத்துக்கொள்ளும், கருவியிடம் எதை எப்படிக் கேட்பது என்று அதற்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் மேனேஜர் அம்மா. சம்பத் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். தமிழில் சொன்னால், 'லாக் எடுக்கும் கருவி. சரியாக உபயோகிக்கவும்.'

ஏஜென்ட் ஒரு நாள் லாக்கை மொத்தமாக வாரி எடுத்து, படிக்க முடியாமல் பாதியில் நின்றுபோனது. திருத்தி எழுதும் வேலை கலீலிடம் போனது. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் ஓட்டிப் பார்ப்பார்கள். நன்றாக வந்தால் ஏஜென்ட் வேலை முழுக்கக் கலீல் பொறுப்பு. வராவிட்டால் பழையபடி எல்லாம் சம்பத்திடமே.

சம்பத்துக்கு வயிறு எரிந்தது. "நேத்து வந்த பையன்டா. என் வூட்லயே இருந்துகினு என் சீட்டுக்கே அடி போடுறான் பாரு" என்று என்னிடம் புலம்பினார். காரில் கலீல் ஏசியைக் குறைக்கச் சொன்னால் கூட்டினார். கலீலின் மனைவி ஜஹானாரா கொடுத்தனுப்பிய பிரியாணியில் உப்பே இல்லை என்றார். பாத்திரத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

கலீல் எழுதியதை அவரிடமே கொண்டுவந்து நீட்டினான். "அண்ணா, உங்க கருவி. ஏதாச்சும் விட்டிருந்தா சொல்லுங்க."

சம்பத் குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தார். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று சொல்லாமல் கேட்காதே. முதலில் பத்து நிமிஷத்துக்கு மட்டும் கேள். வாடிக்கையாளர் எண் இல்லையென்றால் கருவியைத் தொடாதே, முதலில் எண்ணை வாங்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. பழைய சர்வரின் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் என்பது மட்டும் அதில் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு தம்பி" என்றார்.

அன்று சாயங்காலம் அந்த ஐந்தரை மணிக் கதையை என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் ஏன் கலீலிடம் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். எனக்கும் அவர்தான் ஓனர்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஒரு புகாரைக் கொடுத்தார். காலை பத்து மணிக்குப் போக வேண்டிய பணம், பழைய சர்வர். ஏஜென்ட் தேடியது. 'பத்து மணியை ஒட்டித் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை' என்று திரையில் வந்தது. சம்பத் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த வரியும் வந்தது. 'இதை வைத்து எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பழைய சர்வரில் கிடைக்காவிட்டால் சம்பத்தைக் கேட்கும்படி எனக்கு எழுதியிருக்கிறது.'

அறையே திரும்பி அவரைப் பார்த்தது.

"பழைய சர்வர்ல எனக்குத் தெரியாதது ஏதோ இருக்கும்னு தோணுச்சு. அதான் அண்ணா படிச்சுப் பார்த்ததுக்கு அப்புறம் அவர் பேரையும் போட்டு வெச்சேன்" என்றான் கலீல்.

சம்பத்துக்கு வேறு வழியில்லை. "அதோட கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடும். காலைல நாலரைக்குத் தேடணும்" என்றார். தேடியது, வரி கிடைத்தது. மேனேஜர் கலீலைப் பார்த்துக் கைதட்டினார். "உங்களுக்குத் தெரியாததுக்குக்கூட வழி எழுதி வெச்சிருக்கீங்களே!"

சாயங்காலம் சம்பத் காரை நிறுத்திவிட்டு நேரே மாடிக்கு ஏறினார். வீட்டில் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தட்டினார். பிறகு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்து வந்து, பழைய அட்டையைக் கிழித்துவிட்டு ஒட்டினார். 'தொட்டி பாதிக்குக் கீழே இருந்தால் மட்டும் போடவும். இருபது நிமிடத்தில் நிறுத்தவும். தண்ணீர் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிட்டு ஓனரைக் கூப்பிடவும்.' தள்ளி நின்று பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆபீஸிலிருந்தே செத்துப்போயிருந்த முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

அவர் மனைவி தனம் அக்கா மோட்டார் போட வந்தவர், நின்று முழுக்கப் படித்தார்.

"இன்னா தெளிவா கீது! கலீல் தம்பி எழுதிக் குடுத்துச்சா?"