கண்ணாடியில் தெரிந்த பிள்ளையார் சுழி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பேன். "எலெக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு இருக்கிறதல்லவா, அதில் துளையிடும் எந்திரத்துக்குப் புரிகிற நிரலை கம்ப்யூட்டரிலிருந்து உருவாக்கி..." என்று நான் இழுப்பதற்குள், பக்கத்தில் என் அக்கா இருந்தால் இரண்டே சொல்லில் முடித்துவிடுவாள். "ஓட்டை போடுறான்."

எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதையேதான் சொன்னாள். அப்படியும் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டார் நல்லவர்கள்.

எங்கள் ஊர் போடிமெட்டுப் பக்கம். நான் பிழைப்பது மலைக்கு இந்தப்புறம், கேரளத்தில், வாளையாற்றுக்கு அருகே கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு சிறிய போர்டு தயாரிப்புக் கூடத்தில். எங்கள் துளை எந்திரம் மூன்றாவது கைக்கு வந்தது. அது பிறந்தபோது நான் அரைக்கால் டவுசரில் இருந்திருப்பேன். முதலாளி வாங்கிப்போட்ட மென்பொருளோ நேற்றுப் பிறந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மென்பொருள் தசமப் புள்ளி வைத்து எண்ணை எழுதும். எந்திரம் புள்ளியைக் கண்டால் நின்றுவிடும். அதற்கு ஆறு இலக்கம் வேண்டும், விட்டுப்போன இடத்தையெல்லாம் பூஜ்ஜியத்தால் நிரப்ப வேண்டும். எந்த ஊசி முதலில், எந்த ஊசி பிறகு என்று தலைப்பில் முறையாகச் சொல்ல வேண்டும். மரியாதை குறைந்தால் அசையாது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவே நான் ஒரு மொழிபெயர்ப்பு விதி எழுதினேன். மூன்று வாரம் ஆனது. முதல் முயற்சியில் பூஜ்ஜியத்தைப் பின்னால் போடுவதற்குப் பதில் முன்னால் போட்டுவிட்டேன். முந்நூறு துளைகளும், மறையூர்க் கடைசிப் பஸ்ஸின் முன்வாசலில் தொங்குகிற கூட்டம் மாதிரி ஒரே மூலையில் போய் நெருக்கியடித்தன. அந்தத் தகட்டை இன்னும் வைத்திருக்கிறேன், டீ கிளாஸ் வைக்க வசதியாக இருக்கிறது. ஆனால் நான்காவது வாரம் எந்திரம் ஒரு வரிகூட மறுக்காமல் ஓடியது. அந்த ஊசி தலையைத் தூக்கித் தூக்கி, வீணாக ஒரு விரற்கடைகூட அலையாமல், அடுத்தடுத்த துளைக்குப் போனதைப் பார்த்து நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேனாம். எந்திரத்தை ஓட்டுகிற பெண் பிறகு சொன்னார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிட வயதில் சின்னவர், பொறுப்பில் ரொம்பப் பெரியவர். என்னை 'அண்ணா' என்பார். தப்பு நடந்த அன்றைக்கு மட்டும் அந்த அண்ணாவில் கொஞ்சம் அழுத்தம் கூடும்.

எனக்கு ஒரு பழக்கம். பிள்ளையார் சுழி போடாமல் எதையும் எழுத வராது. லீவு லெட்டரிலும் போடுவேன், மளிகைச் சீட்டிலும் போடுவேன். அதனால் எந்திரத்துக்குக் கொடுக்கிற நிரலிலும் போட்டேன். தகட்டின் ஓரத்தில், பிறகு வெட்டி எறியப்போகிற விளிம்பில், மிக மெல்லிய ஊசியால் பதினொரு துளைகள்: ஒரு 'உ'. அந்தப் பதினொரு வரிகளைத் தனியாக எடுத்துவைத்திருந்தேன். மென்பொருள் நிரலைத் தயாரித்து முடித்ததும் அதன் தலையில் இவற்றை ஒட்டிவிடுவேன். முதலாளி மலையாளி. இது எந்தா என்று கேட்டார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, அலைன்மென்ட் செக் என்றேன். கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்று போய்விட்டார்.

அந்தப் பெண்ணை ஏமாற்ற முடியவில்லை. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தவர் அதை வழக்கமாகவும் ஆக்கினார். முதலில் சுழி விழ வேண்டும். எந்திரத்தை நிறுத்திக் குனிந்து பார்ப்பார். சுழி நேராக இருந்தால்தான் மிச்சத் துளைகளுக்குப் பொத்தானை அழுத்துவார். நான் ஒட்ட மறந்த நாளில் நிரலைத் திருப்பி அனுப்பினார். நான் சும்மா சொன்ன பொய் ஆறே மாதத்தில் எங்கள் கூடத்தின் விதியாகிவிட்டது. உள்ளூர எனக்குப் பெருமைதான்.

இந்த நிலையில் அக்கா வந்தாள்.

அக்கா போடிமெட்டு ரோட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். ஸ்டெபிலைசர் பழுது பார்ப்பாள், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களில் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளைச் சரிசெய்வாள். வெளியூரிலிருந்து வரும் அந்தப் பெட்டிகள் எங்கள் ஊர் மூடுபனியில் ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. திட்டித் திட்டிப் பழுது பார்த்தவள், கடைசியில் தானே ஒன்றை வடிவமைத்துவிட்டாள். நாற்பது பெட்டி வேண்டுமென்று ஸ்டோர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் பெயரில் அவள் செய்கிற முதல் சரக்கு. அடுத்த வாரம் காய் எடுப்பு. சூடு கூடினால் காயின் பச்சை போய்விடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். பெட்டி நேரத்துக்கு வராவிட்டால் பழைய பெட்டிக்கே போய்விடுவார்கள். பொம்பளையை நம்பினதுக்கு இதுதான் என்று நாலு பேர் சொல்லவும் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்தவள், மறையூர் வெல்லத்தை எங்கள் பிரிவு முழுவதற்கும் வாங்கி வந்திருந்தாள். எந்திரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் கூடத்தில் செய்யக் கொடுத்திருந்த அவளுடைய போர்டு ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ளது. ஒரு தகட்டில் நான்கு போர்டு. நாற்பதுக்குப் பத்துத் தகடு. கைகாவலுக்கு ஒன்று சேர்த்துப் பதினொன்று. செம்புக் கோடுகள் ஏற்கெனவே அச்சாகி, அரித்தெடுத்து, தயாராக இருந்தன. துளை மட்டும்தான் பாக்கி. அச்சுப் பிரிவு அடுத்த வேலைக்கு மாறிவிட்டது. பன்னிரண்டாவது தகடு வேண்டுமென்றால் அடுத்த வாரம்தான்.

முதல் தகட்டை மாட்டினார்கள். சுழி விழுந்தது. அந்தப் பெண் குனிந்து பார்த்தார். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அக்காவைப் பார்த்து நான் ஒரு புருவத்தைத் தூக்கினேன். பொத்தான் அழுந்தியது. எந்திரம் பாடிக்கொண்டே அறுநூற்றுச் சொச்சம் துளைகளையும் போட்டு முடித்தது.

அக்கா தகட்டை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.

"டேய், ரிலே கால் வர்ற எடத்துல ஓட்டையவே காணோம். கம்பி மேல விழுந்துருக்கு. இங்கிட்டு இருக்க வேண்டியது பூராம் அங்கிட்டுல்ல இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். வலது இடதாகியிருந்தது. ஒவ்வொரு துளையும்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. போர்டின் வரைபடம் உதிரிப் பாகங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்து வரையப்படுவது. நாங்கள் செம்புப் பக்கத்தை மேலே வைத்துத் துளை போடுகிறோம். ஆகவே கண்ணாடியில் பார்ப்பதுபோல நிரலைத் திருப்ப வேண்டும். மென்பொருளில் அதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. ஒரு டிக் போட்டால் போதும். நான் போடவில்லை. பல மாதங்களாக இருபக்கப் போர்டு வேலைதான் வந்துகொண்டிருந்தது. அதில் வெறுந்தகட்டில் துளை போட்ட பிறகுதான் அச்சு. எந்தப் பக்கமானாலும் கெட்டுப்போவதில்லை. அந்தக் கட்டம் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்தப் பெண்தான் சரியான கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, சுழி நேராத்தான இருக்குது? அப்பறம் எப்பிடிங்க மத்ததெல்லாம் திரும்பும்?"

பதில் எனக்குத் தெரியும். பழியை எந்திரத்தின் மேல் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அது வாய் திறந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் எதிரே அக்கா இருந்தாள். என் பொய்களுக்கு அவளிடம் ஒரு முழு வரலாறே உண்டு.

சொன்னேன். சுழி மென்பொருள் வழியாக வரவில்லை, நான் கடைசியில் கையால் ஒட்டியது. நிரல் எப்படித் திரும்பினாலும், திரும்பாவிட்டாலும், சுழி மட்டும் எப்போதும் நேராகத்தான் விழும். இத்தனை நாளும் அந்தப் பெண் குனிந்து குனிந்து பார்த்தது, எதைக் கேட்டாலும் சரிதான் என்று தலையாட்டுகிற ஒரு சாட்சியை.

"அண்ணா" என்றார், அவ்வளவுதான். அழுத்தம் இருந்தது.

அக்கா கெட்டுப்போன தகட்டை மேஜைமேல் வைத்தாள். "எனக்கு வேண்டியது பத்து. மிச்சம் இருக்கிறது பத்து. போய் ஒழுங்கா எழுதிட்டு வாடா."

என் கம்ப்யூட்டர் இருக்கிற மாடிக்குப் போனேன். முதல் வேலையாக அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். இரண்டாவதாக, ஒட்டுகிற பதினொரு வரிகளை அழித்தேன். சுழியை அக்காவின் வரைபடத்திலேயே, அவள் துளைகளோடு துளையாக வரைந்தேன். இனி மற்றவற்றுக்கு ஆவது அதற்கும் ஆகட்டும். நிரலை வெளியே எடுத்து, வரி வரியாக வாய்விட்டுப் படித்தேன். ரிலே என்கிற சுவிட்சின் நான்கு கால்களையும் காகிதத்தில் குறித்துச் செம்பின் அச்சோடு ஒத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் வேறு ஏதாவது ஆகியிருப்பேன்.

இரண்டாவது தகடு ஏறியது. சுழி விழுந்தது. அந்தப் பெண் குனிந்தார், உடனே பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுழி தலைகீழ் இல்லை, ஆனால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திரும்பி இருந்தது.

"இது சாமிக்கு ஆகுமுங்களா?" என்று கேட்டார். இப்படித் திரும்பி விழுந்தால்தான் எல்லாம் சரி என்று நான் விளக்கினேன். என்னுடைய விளக்கத்துக்கு அன்று சந்தையில் மதிப்பில்லை.

அக்கா எழுந்து வந்தாள். "ஓட்டை அந்தப் பக்கமும் போயிருக்குல்லம்மா? திருப்பிப் பாரு."

அவர் தகட்டைக் கழற்றினார். திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டினார். பாகங்கள் நிற்கப்போகிற பக்கத்திலிருந்து பார்த்தபோது, பதினொரு புள்ளி வெளிச்சத்தில் 'உ' நேராக நின்றது.

"நேராத்தான் இருக்காருங்க" என்றார். பழையபடி குச்சிகளில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார்.

நான் பார்க்கவில்லை. மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றுதான், பல தடவை எண்ணினேன். எந்திரம் நின்றதும் அக்கா தகட்டை எடுத்துப் பார்த்தாள். அடுத்ததை மாட்டச் சொன்னாள். அதுதான் அவள் கொடுத்த சான்றிதழ். பிற்பகல் பஸ்ஸுக்கு முன் பத்தும் முடிந்து, நாற்பது போர்டுகளாக வெட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கியாயிற்று. மடியில் வைத்துக்கொண்டே போனாள்.

கெட்டுப்போன முதல் தகட்டை அந்தப் பெண் எந்திரத்துக்கு மேலே சுவரில் மாட்டிவைத்திருக்கிறார். வருகிறவர்கள் சுழி எவ்வளவு அழகு என்று பாராட்டுகிறார்கள். அவர் என்னைத்தான் பார்ப்பார்.

காய் எடுப்பு நடக்கும்போது ஊருக்குப் போயிருந்தேன். அக்கா என்னை ஒரு ஸ்டோருக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்ததுமே ஏலக்காய் வாசனை கண்ணைக் கரித்தது. சுவரில் அவளுடைய பெட்டி. சிவப்பு எண்கள் சொன்ன இடத்தில் அசையாமல் நின்றன. தட்டில் காய் பச்சைப் பசேலென்று கிடந்தது. ஸ்டோர்க்காரர் ஒரு கை அள்ளிக் காட்டி, இது யாரு என்று என்னைக் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"என் தம்பி" என்றாள் அக்கா. "இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ஓட்டை எல்லாம் இவன் போட்டதுதான். ஒண்ணுகூடத் தப்பலை."

வீணாய்ப் போன அந்த முதல் தகட்டைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. கையில் கொடுத்த காயை வாயில் போட்டுக்கொண்டு, தலையை மட்டும் அடக்கமாக ஆட்டினேன்.