நீலத்தில் ஒன்று குறைந்தது

2024 ஜூலை 13, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. மேலகரத்தில் வெயில் இல்லை. குற்றாலம் மலையை மேகம் மூடியிருந்தது. சாரல் விட்டுவிட்டு விழுந்தது. வெள்ளத்தால் இரண்டு நாள் தடை போட்டிருந்த அருவியில் குளிக்க விட்டுவிட்டார்கள் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் ஒரே பரபரப்பு.

பெங்களூரிலிருந்து மகளும் மருமகனும் இரண்டரை வயதுப் பேத்தியோடு வந்து அது நாலாம் நாள். வந்த அன்றே என் வீட்டைப் பாதுகாப்பான வீடாக்கினார்கள். மேசை, கட்டில் முனைகளுக்கு ரப்பர் தொப்பி, பதினாறு. பிளக் துளைகளுக்கு மூடி, இருபத்தொன்று. போனுக்குச் சார்ஜ் போட ஒரு மூடியைப் பிடுங்கப் போய் எனக்கு நகம் பெயர்ந்தது. இதே வீட்டில் மூன்று பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒருவரையும் மேசை கடித்ததில்லை.

அடுத்தது கல்வி. பிள்ளை சும்மா விளையாடக் கூடாதாம். ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு பாடம் இருக்க வேண்டுமாம். போன் வீடியோவில் ஒரு பெண்மணி சொல்லிக்கொடுத்தபடி, மகள் என் சமையலறையிலிருந்த கொண்டைக்கடலைக்கு ஐந்து நிறம் ஏற்றினாள். அவள் அள்ளியது கைக்கு வந்தபடி. நிறத்துக்கு இருபதாக எண்ணி வைத்தது நான். ஒரு கடலையைக் கிண்ணத்தால் மூடி, “எங்க போச்சு?” என்பாள். பிள்ளை கிண்ணத்தைத் தூக்கும். உடனே எல்லோரும் கைதட்ட வேண்டும். நானும் தட்டினேன்.

“இது என்ன பாடம்ட்டி?”

“கண்ணுக்குத் தெரியலன்னாலும் பொருள் உள்ளதான் இருக்குன்னு பிள்ளை படிக்குதுப்பா.”

“டப்பாவுக்குள்ள கெடந்தப்பவும் அது உள்ளதான கெடந்துது?”

மருமகன் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார்.

பிறகு பிள்ளைக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்தார்கள். மற்ற நாளெல்லாம் புதுமுறை. அருவிக்குக் கிளம்பும்போது மட்டும் இவர்களுக்கு ஊர் வழக்கம் ஞாபகம் வந்துவிடும். அந்த நேரத்தில் நான் கடலைகளைப் பொறுக்கி எண்ணினேன். நாலு நிறம் சரி. நீலம் பத்தொன்பது. சோபாவுக்கு அடியில் பார்த்தேன், பாயை உதறினேன். பத்தொன்பதுதான்.

“கெளம்புங்கப்பா, கூட்டம் ஏறீரும்.”

“நீலத்துல ஒண்ணு குறையுது.”

“ஒரு கடலைக்கா நிக்கிய? வாரப்ப கால் கிலோ வாங்கித் தாரேன்.”

“எலி தூக்கிருக்கும் மாமா,” என்றார் மருமகன், காரிலிருந்தபடியே.

“நூறுல ஒண்ணே ஒண்ணை மட்டும் எண்ணி எடுத்துட்டுப் போற எலியை நான் பாத்ததில்ல மாப்பிள்ளை.”

வாசல் கேட்டை மறித்து நின்றேன். காய்ந்த கடலை தண்ணீர் பட்டால் இரண்டு மடங்கு ஊதும். சுண்டலுக்கு ஊறப்போட்ட யாருக்கும் தெரியும். ஆளுக்கு இரண்டு பட்டம் வாங்கிய இவர்களுக்குத் தெரியவில்லை. அது பிள்ளையின் உடம்பில் எங்கேயாவது இருந்து, மேலே அருவியும் கொட்டினால்?

பிள்ளையின் முன் குனிந்து மகள் கேட்பதுபோலவே கேட்டேன்.

“எங்க போச்சு?”

“உள்ள,” என்றது சந்தோஷமாக.

“எதுக்குள்ள?”

வலது மூக்கில் விரலை வைத்தது. மூக்கின் விளிம்பில் நீலமாக ஈரம். பிறகு எங்களைப் பார்த்துத் தானே கைதட்டியது. யாரும் சேர்ந்து தட்டவில்லை.

மகள் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள்.

“ஏட்டி, குத்தி இன்னும் உள்ள தள்ளிராத! ஆஸ்பத்திரிக்கு வண்டியத் திருப்பச் சொல்லு.”

எதிரே வண்டி வண்டியாகச் சனம் குற்றாலத்துக்கு வர, நாங்கள் தென்காசிக்குப் போனோம். பிள்ளை ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் கடலை இன்னும் உள்ளே போய்விடுமோ என்று அதன் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். மருமகன் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையைப் பிடித்தார், வழுக்கிவிட்டது. மகள் பிடித்தாள், வழுக்கிவிட்டது. மருமகன் பிடித்ததில் அவர் சட்டையெல்லாம் எண்ணெய் ஆனதுதான் மிச்சம்.

“அண்ணாச்சி, அருவிக்குத் தேச்ச எண்ணெயோட கொண்டாந்தா எங்க பிடிக்க?” என்றார் டாக்டர்.

என் தோளிலிருந்த புதுத் துண்டில் கையையும் காலையும் சேர்த்துச் சுருட்டி, பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். ஒரு வளைந்த கம்பி உள்ளே போய் வந்தது. தட்டில் கடலை விழுந்தது, ஏற்கெனவே சற்று ஊதி.

பிள்ளை அழுகையை நிறுத்தி எட்டிப் பார்த்து, “ப்ளூ” என்றது. மகளின் முகம் மலர்ந்துவிட்டது! “பாத்தியளாப்பா, நிறத்தைக் கரெக்டாச் சொல்லுதா!” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவர்கள் பெங்களூர் போன ஒன்பதாம் நாள் எனக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவரிடம் நான்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. உள்ளே வண்ணம் பூசிய பெரிய மர மணிகள். “மூக்குல போகாத சைசுப்பா. அடுத்த தடவை வாரப்பக்கு அங்கனயே இருக்கட்டும்,” என்றாள் போனில்.

எண்ணினேன், பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். எதுவும் நுழையவில்லை.

டாக்டருக்கு எழுநூறு, எண்ணெய்க் கறை போகாத துண்டு நூற்றுப்பத்து, மணிகள் எண்ணூற்று நாற்பத்தொன்பது. மொத்தம் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தொன்பது ரூபாய்.