இன்ஷிரா எழுதிய குறிப்பு

மருதமுனையில் யார் வழி கேட்டாலும், வாசல்வரை கொண்டுபோய் விடாமல் இன்ஷிராவுக்கு மனம் ஆறாது. ஒளித்து வைத்த பொருளைத் தேடும் ஜியோகேஷிங் விளையாட்டில் சேர்ந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. போனைப் பார்த்துத் தேடி, கடற்கரையில் யாரோ ஒளித்து வைத்த டப்பாவைக் கண்டெடுத்தாள். கண்டெடுத்தவர்கள் இணையத்தில் குறிப்பு எழுதுவது வழக்கம். அவளும் எழுதினாள்: “மீன்வாடிக்குப் பின்னால், இரண்டாம் தென்னையடியில், கல்லுக்குக் கீழே.”

டப்பாவை ஒளித்த மிஹ்லார் அவளுக்குப் போன் செய்தார். “தங்கச்சி, இடத்தச் சொன்னா பிறகு தேட என்ன இருக்கு?”

“வெயில்ல அலையிற ஆக்களுக்கு எப்பிடிச் சொல்லாம இருக்கிற, காக்கா?”

ஆனாலும் குறிப்பை மாற்றினாள்: “கண்டுபிடித்தேன். களைத்தால் கடற்கரைக்கு எதிரே எங்கட வீட்டுக்கு வாங்க, தேத்தண்ணி இருக்கு.”

அடுத்து வந்த மூன்று பேரும் கடற்கரைப் பக்கமே போகவில்லை. குறிப்பு மட்டும் ஒழுங்காக எழுதினார்கள்: “தேத்தண்ணி கிடைத்தது.”