பெட்டி வராத விடுமுறை

என் கணவர் துபாயிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்த அன்று வேனின் மேல் ஒரு சாமானும் இல்லை. பெட்டி கட்டுவதற்கென்று சென்னைக்கு எடுத்துப்போன கயிறு, சுருட்டிய மேனிக்கே கேரியரில் கிடந்தது. வேன் தெருமுனையில் திரும்பும்போதே என் மாமியார் அதைப் பார்த்துவிட்டார். "என்ன, மேல ஒண்ணையும் காணோம்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

கல்யாணமாகி நாலு மாதத்தில் போனவர், மூன்று வருஷம் கழித்து இறங்கினார். ஆள் கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. முதுகில் கருநீலப் பை ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு தோளிலும் வாரை மாட்டியிருந்தார். எங்கள் ஊரில் அதுவரை பெரிய ஆள் யாரும் அப்படிப் பை மாட்டி நான் பார்த்ததில்லை.

"பெட்டி வரலம்மா. வேற பிளேன்ல ஏத்தி வேற ஊருக்கு அனுப்பிட்டாங்களாம். கெடச்சா சொல்றோம்னாங்க."

"ஆள் வந்து சேந்தியே, அது போதும். உள்ள வா தம்பி" என்றார் மாமியார். நல்ல வார்த்தைதான். கண் மட்டும் இன்னும் கேரியரிலேயே இருந்தது.

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் பக்கம், வெண்ணாற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். நாலு பக்கமும் வயல். ஆனால் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேருக்கு நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது. அவர்களைப் பெற்ற அத்தாமார்கள் மலேயாவுக்குக் கப்பலேறினார்கள், இவர்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். வெளிநாட்டில் இருப்பவரைச் சபராளி என்போம். தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வந்து, வீட்டுக்கு வீடு மாடி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சபராளி வந்தால் பெட்டி திறப்பது கல்யாணத்துக்கு அடுத்த விசேஷம். செண்டு, சோப்பு, தைலம், பால் மாவு, பூப்போட்ட கம்பளி, பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று உறவு முறைக்குத் தகுந்தபடி கை மாறும். கிடைக்காதவர்கள் அடுத்த விடுமுறை வரை மனதில் வைத்திருப்பார்கள்.

அவர் வந்த அன்று சாயங்காலமே தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். கூடம் நிறைய ஆள். டீ குடித்தார்கள், பிளேன் எப்படி இருந்தது என்று கேட்டார்கள், பெட்டி தொலைந்த கதையை இரண்டாம் தரம் கேட்டார்கள். பிறகு எதிர்வீட்டு அக்காதான் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பையைக் காட்டினார்.

"அந்தப் பையவாவது தொறங்களேன் தம்பி. வெளிநாட்டு வாசனையாவது வரட்டும்."

என் கணவர் தயங்கினார். "அதுல ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் நான் பொழங்குற சாமான்." ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது திறக்காமல் இருப்பது மரியாதையாக இருக்காது. ஜிப்பை இழுத்து ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தார்.

ரப்பர் பேண்ட் சுற்றிய சிற்றலை ரேடியோ. மூடிப் பூட்டு உடைந்து பேட்டரி விழாமல் இருக்க அந்த ரப்பர் பேண்ட். ஒரு இயர்போன். பேனா மாதிரி மெல்லிய டார்ச். மடக்கிவைக்கிற அலாரம் கடிகாரம். எந்தப் பிளக்கையும் எந்த ஓட்டையிலும் மாட்டுவதற்கான ஒரு கட்டை. மின்சாரம் பார்க்கிற டெஸ்டர், இன்சுலேஷன் டேப், கத்தரி. ஊசி நூல் வைத்த தகர டப்பா. தொழும்போது பார்த்து நிற்க வேண்டிய கிப்லா எந்தத் திசை என்று அறிய ஒரு திசைகாட்டி, அதைச் சுற்றித் தொழுகை விரிப்பு. அடியில், ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் மக்கும், தண்ணீர் காய்ச்சுகிற சின்ன ஹீட்டர் காயிலும்.

பிள்ளைகள் அலாரத்தைத் திருகிப் பார்த்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை, ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாம் பழசா இருக்கே" என்று யாரோ சொன்னார்கள். மாமியார் எழுந்து போய் டீ கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். கூடம் சீக்கிரமே காலியாகிவிட்டது.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. பெட்டி வரட்டும், பிறகு போகலாம் என்று இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மாமியாருக்கு அது அவமானமாக இருந்தது. எனக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது. பிறகுதான், அவர் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறார் என்பதைக் கவனித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாலு மாதம் மட்டும் பார்த்த மனிதர். பேசுவதற்கு எங்கள் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. என்ன கேட்பது என்று தெரியாததால் பையிலிருந்த சாமான்களைப் பற்றிக் கேட்டேன்.

"இந்த இயர்போன் எதுக்குங்க? ரேடியோவுலதான் சத்தம் வருதே."

"ரூம்ல சத்தம் வெக்க முடியாது. எப்பவும் யாராச்சும் தூங்கிட்டு இருப்பாங்க. நைட் ஷிப்ட் ஆளு பகல்ல, பகல் ஆளு நைட்ல."

"ஒரு ரூம்ல எத்தன பேரு?"

அவர் ரப்பர் பேண்டைக் கழற்றி மறுபடி மாட்டினார். "கட்டிலுக்கு மேல கட்டில். பழகிருச்சு."

அங்கிருந்து மாதம் ஒரு கேசட் பேசி அனுப்புவார். நல்லா இருக்கேன், வேலை நல்லா இருக்கு, அம்மாவைப் பார்த்துக்கொள் என்று ஒவ்வொன்றிலும் அதேதான் இருக்கும். ஒரு தடவை போட்டோ வந்தது. வெள்ளைக் கார் ஒன்றின் மேல் கையை ஊன்றி நின்றிருந்தார். அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு நானே ஒரு ஊரைக் கட்டி வைத்திருந்தேன். குளுகுளு அறை, கண்ணாடி ஜன்னல், மேசை மேல் பழம். இப்போது அந்தக் காரைப் பற்றிக் கேட்டபோது, "அது மொதலாளி காரு. தொடச்சு முடிச்சிட்டு போட்டோ எடுத்துக்கிட்டோம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹீட்டர் காயிலைக் கடைசியாகத்தான் கேட்டேன். அதன் கைப்பிடி கருகியிருந்தது.

"வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு அடுப்புல நம்ம முறை முடிஞ்சிருக்கும். மக்குல தண்ணிய ஊத்தி இத வெச்சா முட்டை வெந்துரும். அந்தத் தண்ணியக் கொட்டிட்டு அதுலயே டீ." சொல்லிவிட்டு ஏதோ தோன்றியவராக எழுந்தார். "நீ ஒரு நாள் என் சமையல சாப்பிட்டுப் பாரேன்."

காலை பத்து மணி இருக்கும். மாமியார் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே படுத்திருந்தார். நான் அடுப்படியிலிருந்து முட்டைகளை முந்தானையில் மறைத்து எடுத்துவந்தேன். எங்கள் அறையில், அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மக்கில் தண்ணீர் நிரப்பி, காயிலை இறக்கி, பிளக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பொருத்தினார். செய்கிற விதத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கை தானாகப் போயிற்று. தண்ணீர் சுருசுரு என்று சத்தம் போட ஆரம்பித்தது. "இனிமே பேசாம இருக்கணும். சத்தம் கேட்டா மேல் கட்டில் ஆளு முழிச்சிக்குவாரு" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கல்யாணமானதிலிருந்து அவர் முன்னால் நான் அப்படிச் சிரித்ததில்லை.

முட்டை வெந்துவிட்டது. டீக்குத் தண்ணீர் வைத்தபோது பட்டென்று ஒரு சத்தம். வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

"தம்பி, காத்தாடி நின்னுபோச்சு பாரு" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அவர் பையிலிருந்து டெஸ்டரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு ஓடினார். ஸ்டூல் மேல் ஏறி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பியூஸ் கம்பி மாற்றினார். காற்றாடி மறுபடி சுற்றியது. ஆனால் மாமியார் படுக்கவில்லை. நேராக எங்கள் அறைக்கு வந்து, தரையில் இருந்த மக்கையும் முட்டையையும் பார்த்தார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"முட்டை அவிச்சோம்மா."

"அடுப்பு எதுக்கு இருக்கு வீட்டுல?"

"சும்மா, அங்க எப்படி ஆக்குவேன்னு இவளுக்குக் காட்டினேன்."

மாமியார் குனிந்து மக்கை எடுத்து உள்ளே பார்த்தார். அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. சுரண்டினால் வராத மாதிரி, தடிமனாக.

"மூணு வருஷமா இதுலயா?"

"தெனமும் இல்லம்மா. வெள்ளிக்கெழம மெஸ்ல கறி போடுவாங்க."

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். ஒரு முட்டையை எடுத்துச் சுவரில் தட்டி, ஓட்டை உரித்து, வாயில் போட்டு மென்றார். "உப்பு இல்ல" என்றார். நான் உப்பு எடுத்து வரப் போனேன். திரும்பி வரும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அடுத்த முட்டையை உரித்து அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மாமியார் பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாராவது வாசலில் நின்று "பெட்டி கெடச்சிருச்சா?" என்று கேட்டால், "வரும்போது வரும்" என்று கதவைச் சாத்துவார்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த மாதம் அது. வாய்க்கால் எல்லாம் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. அவர் பையை மாட்டிக்கொள்வார், நான் பின்னால் நடப்பேன். பையில் விரித்து உட்கார மடித்த துப்பட்டி, ரேடியோ, தண்ணீர், மாமியார் கட்டிக்கொடுத்த ஏதாவது. ஒரு நாள் மன்னார்குடிக்குப் பஸ் ஏறிப் போய்த் தெப்பக்குளத்துக் கரையில் உட்கார்ந்திருந்தோம். குளமா, கடலா என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். இயர்போனில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. அதனால் கொஞ்ச நேரம் அவர் கேட்டுவிட்டு எனக்குக் கொடுப்பார், நான் கேட்டுவிட்டு அவருக்குக் கொடுப்பேன். கொழும்பிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. என்ன பாட்டு என்பது இப்போது ஞாபகமில்லை. நான் கேட்கும் வரி ஒன்று, அவர் கேட்கும் வரி வேறொன்று. "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். பஸ்ஸில் வரும்போது பின்சீட்டுப் பையன்கள் அவர் பையைப் பார்த்து, "அண்ணே, பரிட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். "ஆமாப்பா, பெயிலாயிட்டேன்" என்றார் அவர்.

விடுமுறை முக்கால்வாசி முடிந்த பிறகு பூத்துக்குத் தகவல் வந்தது. பெட்டி கிடைத்துவிட்டது. அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்வந்தார். வந்த அன்று சாயங்காலம் கூடத்தில் நிற்க இடமில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு இரண்டு சோப்பும் ஒரு தைலமும். அக்கா வாசனை பிடித்துப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே, எங்கயும் போகாதுன்னு" என்றார். எனக்கு ஒரு புடவை வந்திருந்தது. வாடாமல்லி நிறம். நல்ல புடவை, இருபது வருஷம் உழைத்தது.

ஆனால் மறுநாளிலிருந்து அவர் எனக்குக் கிடைக்கவில்லை. விருந்துக்கு அழைத்தார்கள். மகனுக்கு விசா எடுத்துத் தர முடியுமா என்று கேட்க ஆட்கள் வந்தார்கள். திரும்பிப் போகும்போது அங்கே இருக்கிற தங்கள் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி ஊறுகாய்ப் பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. சாப்பிடும்போது மட்டும் முகம் பார்த்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் பெட்டியை மற்றவர்கள் அடுக்கினார்கள். பையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் தடவை அவர் போனபோது என்ன வைத்து அனுப்புவது என்று தெரியாமல் செண்டு பாட்டிலும் இஸ்திரி போட்ட கைக்குட்டைகளும் வைத்தவள் நான். இந்தத் தடவை மன்னார்குடியில் வாங்கிய புது இயர்போன் வைத்தேன். ரேடியோவுக்குப் பேட்டரி, காயிலுக்குப் புது ஒயர், கறுப்பு நூல், பொடித்த மிளகும் உப்பும் தனித்தனி டப்பாவில். மாமியார் வந்து நின்று பார்த்துவிட்டு, இட்லிப் பொடியைச் சின்னப் பாட்டிலில் இறுக்கி அடைத்துக் கொண்டுவந்தார். "முட்டையில தொட்டுக்கச் சொல்லு" என்றார் என்னிடம், மகன் பக்கத்திலேயே நிற்கும்போது.

வேனில் ஏறும்போது மாமியார் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, இனிமே கேசட்டுல நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாத. என்ன தின்னே, எங்க படுத்தே, அதச் சொல்லு."

அடுத்து வந்த கேசட் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. மேல் கட்டிலில் இருக்கும் கேரளாக்காரர் மீன் வறுக்கப் போய்ச் சட்டி தீப்பிடித்த கதையைச் சொன்னார். பின்னால் அந்த ஆளே மலையாளத்தில் மறுத்துப் பேசுவது கேட்டது. யாரோ இருமினார்கள். கதவு சாத்தும் சத்தம். மாமியார் டேப்ரிக்கார்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, "அந்த மலையாளத்தான் என்ன சொல்றான்?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

இன்னும் எட்டு ஒன்பது வருஷம் அங்கே இருந்தார். ஒவ்வொரு விடுமுறைக்கும் பெட்டி ஒழுங்காக வந்துசேர்ந்தது, கூடம் ஒழுங்காக நிரம்பியது. கடைசியில் எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஊரோடு வந்து, மன்னார்குடியில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்தார். மாமியார் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். திறப்பு விழா அன்று கடைக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.