எம்.எஸ்சி. சீட்டுக்குச் சொல்லி வைத்தது

உங்கள் அக்கா பெரம்பலூர் காலேஜில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படித்தபோது நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். அதனால் இது உங்களுக்கு நினைவிருக்காது.

ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், பையைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, மெட்ராஸ்ல எம்.எஸ்சி. படிக்கணும். அதுக்கு நுழைவுத் தேர்வு இருக்கு. இப்பலேர்ந்தே படிச்சாத்தான் முடியும்னு மேடம் சொல்றாங்க."

"அதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கேம்மா."

"பத்தாதுப்பா."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்டு ஆலைக்கு டிப்பர் ஓட்டியவன் நான், எட்டாவதோடு நின்றவன். கல் ஏற்றி முடிக்கும்வரை சீட்டில் சாய்ந்து தூங்குவேன். அந்தத் தூக்கம் போயிற்று. வண்டியைச் சுற்றி நடந்தேன், நன்றாக இருந்த டயரையே தட்டித் தட்டிப் பார்த்தேன். அவள் படிக்கிறாள், நான் என்ன செய்வது?

எங்களுக்குத் தெரிந்து எதையும் முன்கூட்டிச் செய்ய ஒரே வழிதான்: பெரிய மனுசரிடம் சொல்லி வைப்பது. ஆஸ்பத்திரிக் கட்டில், கரண்ட் கனெக்சன் எல்லாமே அப்படித்தான் நடந்தது. முந்திரி சீசன். நல்ல பருப்பாக ஒரு பை எடுத்துக்கொண்டு லாரி முதலாளி வீட்டுக்குப் போனேன்.

"மொதலாளி, பொண்ணுக்கு மெட்ராஸ்ல எம்.எஸ்சி. சீட்டு வேணுங்க. இப்பவே ஒங்க காதுல போட்டு வச்சுட்டா..."

"அட, ஒன் பொண்ணு அவ்வளவு படிக்குதாய்யா? போ, நான் பாத்துக்கறேன்."

அடுத்த வாரமே கூப்பிட்டு விட்டார்.

"ரெட்டிபாளையத்துல நம்ம சொந்தக்காரப் பையன், ஆலையில சூப்பர்வைசர். படிச்ச பொண்ணாத் தேடுறாங்க. ஆவணியில முடிச்சுருவோம்."

"மொதலாளி, சீட்டு..."

"கல்யாணம் பண்ணிட்டுப் படிக்கட்டும்யா. யாரு வேணாங்குறா?"

வீட்டில் உங்கள் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏங்க, மொதலாளியே கேக்குறாருன்னா சும்மாவா?"

அக்கா என்னையே பார்த்தாள். "மார்க் எடுத்தா சீட்டுப்பா. நடுவுல எதுக்கு ஆளு? இப்ப அவருக்கு யாரு பதில் சொல்றது?"

நான்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன். கை சும்மா இருக்காமல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தது.

"அவ பரிட்சை எழுதட்டுங்க மொதலாளி. இப்பக் கல்யாணம் வேணாங்க."

"எழுதிக் கெடைக்கலேன்னா?"

இதை நான் யோசித்து வரவில்லை. "மறுவருசமும் எழுதுவாங்க."

"அதுவரைக்கும் எங்க பையன் மணமேடையிலயே ஒக்காந்திருப்பானா?"

கிளீனர்கள் சிரித்தார்கள்.

"வேற நல்ல எடமாப் பாருங்க மொதலாளி."

அவர் கையை நீட்டினார். "சாவிய வச்சுட்டுப் போய்யா. கூப்புடுறப்ப வா."

கூப்பிடவே இல்லை. வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தேன். அவள் படிக்கிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

"எலெக்ட்ரான் மாதிரி சுத்தாதீங்கப்பா. எங்கனாச்சும் ஒக்காருங்க!"

கடைசியில் ஆள் பற்றாக்குறை வந்தபோது கூப்பிட்டார். பிரேக் மிதித்தால் அலறும் பழைய வண்டியைக் கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டேன். அந்த வண்டியை ஓட்டிய காலத்தில்தான் அவள் மூன்றாம் வருடம் முடித்தாள், திருச்சிக்குப் போய்த் தேர்வு எழுதினாள். சீட்டுக் கிடைத்தது.

அரியலூர் ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றியபோது, அப்பாடா, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்தாள்.

"அப்பா, எம்.எஸ்சி. ரெண்டே வருசம்தான். பிஎச்.டி.க்குப் போகணும்னா மொத வருசத்துலயே ஒரு பரிட்சைக்கு ஆரம்பிக்கணுமாம்."

"வண்டியே இன்னும் கெளம்பலயேம்மா."

அவள் சிரித்தாள். ரயில் போன பிறகும் நான் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.