குலுக்கு மாஸ்டரும் இடதுபக்க டொக்கும்

எங்கள் பட்டறையில் வண்டியின் பின்பக்கத்தைச் சோதிக்க மெஷின் கிடையாது. மாஸ்டரின் பின்பக்கம்தான் மெஷின்.

கார் உள்ளே வந்தால், ஓட்டி வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நேராகப் போய் டிக்கி மேல் தொப்பென்று உட்கார்ந்து நாலு குலுக்கு. கண்ணை மூடிக்கொண்டு, "வலது ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சு" என்பார். பெரும்பாலும் செத்துத்தான் போயிருக்கும். உயிரோடு இருந்தாலும் அவர் உட்கார்ந்ததில் செத்திருக்கும். காலையில் அவர் வயிறு பட்டறைக்குள் வந்து, ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் அவர் வந்து சேருவார். அப்பேர்ப்பட்ட உடம்பு. குலுக்கு மாஸ்டர் என்று பேர் வைத்தவன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

வேகத்துக்கு வண்டி கட்டுவதில் சுற்றுவட்டாரத்தில் அவர்தான் கில்லாடி. ஆனால் அவர் வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. என் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்தால், "டேய் மெதுவாடா, பிள்ளைகுட்டிக்காரன்டா" என்று என் சட்டையைக் கிழிப்பார். அவருக்குப் பிள்ளையும் கிடையாது, குட்டியும் கிடையாது.

அவருடைய மச்சினன் ஒருத்தன். ராக்கெட் என்றுதான் கூப்பிடுவோம். அவன் காரைப் பார்த்தால் பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாது. பழைய இஞ்சினைப் பிடுங்கி யானை மாதிரி ஒன்றை வைத்திருந்தான். கனம் குறைய வேண்டும் என்று பின்சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டான். பின்னால் ஓர் இறக்கை, ஒரு வீட்டுத் துணி மொத்தமும் காயப்போடலாம். எறும்பு கூடக் குனிந்துதான் அடியில் போக வேண்டும், அவ்வளவு கீழே இறக்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் பந்தயம். அதில் ஓட்ட ரொம்ப நாள் அலைந்து இடம் வாங்கியிருந்தான்.

பந்தயத்துக்காக நாங்கள் பின்பக்கம் முழுக்கப் புதுசாகப் போட்டுக் கொடுத்தோம். ஸ்பிரிங், ஷாக், சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகளின் ரப்பர் புஷ் எல்லாம். அன்றிலிருந்து பிடித்தது சனி. வலதுபக்கம் வளைத்தால் போதும், இடது பின்சக்கரத்தில் 'டொக்'. கூடவே வண்டி, எஜமானைப் பார்த்த நாய் மாதிரி வாலை ஆட்டும்.

இது மாஸ்டர் சம்சாரத்தின் காதுக்குப் போய்விட்டது. ராக்கெட்டுக்குக் கூடப்பிறந்த அக்கா, பட்டறையில் எங்களுக்கும் அக்காதான். அக்கா தையற்காரி. தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவனுக்கு மீசை எவ்வளவு பெரிசானாலும் அக்கா முன்னால் அவன் அரை டிக்கெட்தான். வண்டிச் சாவியை வாங்கித் தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாள். பட்டறைக்குக் கேட்கும்போது கொடுப்பாள், பொழுது சாய்ந்தால் திரும்ப வாங்கிக்கொள்வாள்.

"வாலை ஆட்டுற வண்டில என் தம்பி மலை ஏற மாட்டான். நீங்க சரி பண்ணுங்க. பண்ணிட்டு, நீங்களே பின்னாடி உக்காந்து உச்சி வரைக்கும் போகணும். அப்பதான் சாவி."

"பின்னாடி சீட்டே இல்லையே?"

"உங்களுக்கு எதுக்குங்க சீட்டு? கூடவே பிறந்ததுதானே!"

ராக்கெட் முகம் தொங்கிவிட்டது. மாஸ்டர் முகம் அதைவிடத் தொங்கியது.

வேலை தொடங்கியது. மாஸ்டர் ஏறி உட்கார்ந்து குலுக்கினார். பட்டறைக் கூரை ஆடியது, பக்கத்துக் கடை ஷட்டர் ஆடியது, டொக் மட்டும் வரவில்லை.

"மாமா, குலுக்கினா வராது. வளைவுலதான் வரும்."

"மாப்ள, எனக்குத் தெரியாத சத்தம் வண்டில கிடையாது. நீ ஓரமா நில்லு."

இடது ஷாக்கைக் கழற்றி வலதில் போட்டோம். ஷாக் கெட்டிருந்தால் சத்தமும் கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினோம், டயரை மாற்றினோம். இடதுபக்கம் அதே டொக். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் டிரைவரையும் இடம் மாற்றிப் பார்த்திருப்பார். "ரோடுதான் சரியில்லை" என்று கடைசியில் ரோட்டைத் திட்டினார்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். கழுத்தில் டேப், வாயில் குண்டூசி. வண்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க, இடதுபக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது? ஒருபக்கம் விளிம்பு ஏறின பாவாடை மாதிரி" என்றாள்.

டேப் வைத்துப் பார்த்தோம். ஒரு விரல்கடை உயரம்.

"துணியை இழுத்துப் பிடிச்சுத் தைச்சா, விட்டதும் சுருங்கி மேல ஏறும். நீங்க இதுல எதை இழுத்துப் பிடிச்சு மாட்டினீங்க?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். எனக்குப் பொறி தட்டியது.

ரப்பர் புஷ் மாட்டினால், வண்டி தன் கனத்தோடு தரையில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கினதும் கழுத்து சுளுக்கினவன் மாதிரி எந்நேரமும் திருகிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். இதைத் தினமும் எங்கள் காது கிழியக் கத்துகிறவரே மாஸ்டர்தான்.

"மாஸ்டர், வலதுபக்கம் நான் அடியில படுத்து முறுக்கினேன். இடதுபக்கம் யார் முறுக்கினா?"

"நீ டீ குடிக்கப் போனியா இல்லையா?"

"போனேன். இடதுபக்கம் யாரு?"

"போனவன் அங்கயே குடித்தனம் பண்ணிட்டே. மாப்ள வேற வந்து தலைமேல நின்னான்."

"அதான் மாமா, யாரு?" என்றான் ராக்கெட்.

"நான்தான்டா! ஜாக்கி வச்சுத் தூக்கி, தொங்கவிட்டே முறுக்கிட்டேன். இந்த வயித்தை வச்சுக்கிட்டு எறும்பு போகாத சந்துல நான் எப்படிடா போவேன்?"

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குண்டூசி எல்லாம் தரையில். கழற்றிப் பார்த்தால் இடது புஷ், நாய் மென்று துப்பின செருப்பு மாதிரி இருந்தது.

புது புஷ் மாட்டி, நாலு சக்கரத்தையும் தடிப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினோம். முறுக்க நான் படுக்கப் போனேன். அக்கா விடவில்லை.

"யார் முறுக்கினாங்களோ அவங்களே படுக்கட்டும்."

மாஸ்டர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்தார். உள்ளே ஸ்பேனர் சத்தம் கேட்டது, மூக்கால் அழுகிற சத்தமும் கேட்டது. முறுக்கி முடித்துவிட்டார்; வெளியேதான் வர முடியவில்லை. ஆளுக்கொரு காலைப் பிடித்து நானும் ராக்கெட்டும் இழுத்தோம். சட்டைப் பொத்தான் ஒன்று இன்னும் அந்த வண்டிக்கு அடியில்தான் இருக்கிறது.

பிறகு மலை. ராக்கெட் ஓட்டினான், பக்கத்தில் அக்கா. பின்னால் வெறும் தகரத்தில் அக்காவின் தையல் மெத்தையைப் போட்டு மாஸ்டர். அவர் போக மிச்சமிருந்த இடுக்கில் நான். முதல் வலது வளைவு வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். டொக் இல்லை. அடுத்த வளைவில் இன்னும் மிதித்தான். வால் அசையவே இல்லை.

"சத்தம் கேக்குதாடா?" என்றாள் அக்கா.

"மாமா சத்தம்தான் கேக்குதுக்கா."

உண்மைதான். மாஸ்டர் வண்டிக்குள் குறுக்கே போட்டிருந்த இரும்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் அம்மாவைக் கூப்பிட்டார், அக்காவின் அம்மாவைக் கூப்பிட்டார், கடைசியில் என் அம்மாவையும் கூப்பிட்டார்.

உச்சியில் வண்டி நின்றது. அக்கா தம்பியைப் பார்த்து, "சாவியை நீயே வச்சுக்க. ஞாயித்துக்கிழமை பாத்துப் போ" என்றாள். அவன் அக்கா காலில் விழப் போய், கதவில் இடித்துக்கொண்டான்.

மாஸ்டர் இறங்கினார். "நீங்க போங்க. நான் நடந்து வரேன். காத்து நல்லா இருக்கு."

நாங்கள் கீழே வந்து காத்திருந்தோம். வெயில் தாழ்ந்த பிறகு, மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

"வண்டி எப்படிங்க?" என்று அக்கா கேட்டாள்.

"வண்டில ஒரு குறையும் இல்லை. மலைதான் கண்டபடி வளைஞ்சு கிடக்கு. அதை யாராவது கழட்டி மாட்டணும்."