சித்தி மங்கவைத்த தகடு

தூண்டிலில் கட்டும் ஸ்பின்னர் வாங்கும்போது சித்தி அதைக் கையால் சுழற்றிப் பார்க்கமாட்டாள். வளையத்தை இரண்டு விரலில் பிடித்து, தகட்டை உதட்டுக்கு நேரே தொங்கவிட்டு, சூடான பாலை ஆற்றுவதுபோல மெல்ல ஊதுவாள். எந்த மூச்சில் அசைகிறது, எந்த மூச்சில் சுற்றத் தொடங்குகிறது என்று பார்ப்பாள். திக்கித் திக்கிச் சுற்றினால் திரும்பக் கொக்கியிலேயே மாட்டிவிடுவாள். இருபது எடுத்தால் மூன்று தேறும்.

"அக்கா, நீங்க ஊதிட்டு வச்சதை நான் யார் தலையில கட்டுறது?" என்பார் கடைக்காரர்.

"ஒழுங்கா சுத்தாததை யார் தலையில கட்டுனாலும் பாவம்தான்."

அவள் தொழில் அப்படி. பன்னிரண்டு வருடமாக மின்விசிறி பழுதுபார்க்கிறாள். இறக்கை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அடுத்த அறையில் இருந்துகொண்டே சொல்லிவிடுவாள். தெருவில் அவளுக்கு 'ஃபேன் அக்கா' என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு, தூண்டில் கோலோடு ஓடைக்குப் போய்விடுவாள். அங்கே டிரவுட் மீன் உண்டு. கொக்கிக்கு மேலே கம்பியில் கோத்த சின்னத் தகடுதான் ஸ்பின்னர். தண்ணீரில் இழுத்தால் அது சுழன்று, குட்டி மீன் தப்பி ஓடுவதுபோல மின்னும். டிரவுட் பாய்ந்து கவ்வும்.

பாலத்துக்குக் கீழே ஓடை எல்லோருக்கும் பொது. கலங்கல் தண்ணீர், சோப்பு நுரை. பாலத்துக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம், மீன்பிடி சங்கத்து உறுப்பினர்கள் மட்டும்தான் தூண்டில் போடலாம். உறுப்பினராக ஒரு சோதனை உண்டு. காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டுக்குள், மேலோடையில், முப்பது சென்டிமீட்டர் டிரவுட் ஒன்றை ஸ்பின்னரால் பிடித்துக் காட்ட வேண்டும். மொத்தம் மூன்று வாய்ப்பு. சித்திக்கு முதல் வருடம் ஒன்றுமே கடிக்கவில்லை. இரண்டாம் வருடம் கடித்தது, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. இது மூன்றாவது. இதிலும் தவறினால் ஆயுசுக்கும் பாலத்துக்குக் கீழேதான்.

சோதனைக்கு முந்தின நாள் மாலை, பெட்டியிலிருந்த ஒன்பது ஸ்பின்னர்களையும் வரிசையாக வைத்து பாலிஷ் போட்டாள். வெள்ளி நிறம், பித்தளை, செம்பு எல்லாமே முகம் பார்க்கிற அளவுக்கு மின்னின. அழுக்கோடு ஒரு மின்விசிறி அவள் கடைப் படி இறங்கியதில்லை. ஸ்பின்னர் மட்டும் எப்படி இறங்கும்?

சோதனையை மேற்பார்த்தவர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கடைசி சான்ஸ் மேடம்" என்று அன்பாக ஞாபகப்படுத்தினார். வலையோடு சித்தப்பா. சற்றுத் தள்ளி நான்.

பத்து நாளாக மழை இல்லை. தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தெளிவு; அடியில் கூழாங்கல்லின் நரம்புகூடத் தெரிந்தது. சித்தி அவசரப்படவில்லை. வேகமான இடத்தில் ஒல்லியான இலை வடிவத் தகடு. அகலமானதைப் போட்டால் நீரோட்டம் அதை மேலே தூக்கிவிடும். தேங்கிய மடுவில் வட்டத் தகடு. மெதுவாக இழுத்தாலும் சுற்றும். மீன் நீரோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும் என்பதால் அதன் முதுகுப் பக்கம் நின்று மேல்நோக்கி வீசி, தண்ணீரைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றி இழுத்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

மீன்கள் வந்தன. ஒரு சாண் தூரம்வரை தகட்டின் பின்னாலேயே வந்து, ஏதோ சுட்டதுபோல விலகின. எட்டு மணிக்கு ஒன்று. ஒன்பதரைக்கு ஒன்று. வெயில் ஏறியபின் வருவதும் நின்றது. ஒன்பது ஸ்பின்னர்களும் மாறிவிட்டன. பதினொன்று அடித்தது.

சித்தி பாறையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தகடுகள் வெயிலில் கிடந்தன. சித்தப்பா கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் நகர்த்தி வையேன்மா. கண்ணு கூசுது" என்றார்.

சித்தி அவரைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு பையில் கையை விட்டு, கடையில் பயன்படுத்தும் உப்புத்தாளை எடுத்தாள்.

பித்தளைத் தகட்டைத் தொடைமேல் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நன்றாக ஓடுகிற விசிறியைத் தானே உடைப்பதுபோல இருந்தது.

"என்ன மேடம், இருக்கிறதையும் கெடுக்கிறீங்க?" என்றார் செயலாளர்.

"ஆமா சார்."

தகடு பழைய சாவி நிறத்துக்கு வந்தது. ஒருமுறை ஊதினாள், சுற்றியது. எழுந்து போய், ஓடைக்கு நடுவில் இருந்த பெரிய பாறையின் நிழலுக்கு மேலே வீசினாள். நான்கு சுற்று இழுத்திருப்பாள். கோல் வளைந்தது.

"விடாதே விடாதே," என்றார் சித்தப்பா, தண்ணீரில் செருப்போடு இறங்கி.

"நான் விடலைங்க. நீங்க வாயை மூடிக்கிட்டு வலையை மட்டும் பிடிங்க."

மூன்று முறை மீன் இழுத்துக்கொண்டு ஓடியது. மூன்று முறையும் ரீலைத் தளர்த்தி ஓடவிட்டாள். போன வருடம் அறுந்த நரம்பு எங்கள் மூன்று பேர் கண்ணிலும் தெரிந்தது. நான்காவது முறை அது பக்கவாட்டில் சாய்ந்தது. சித்தப்பா வலையை அடியில் கொடுத்தார்.

செயலாளர் அளவுகோலை வைத்தார். எடுத்தார். வாலை நேராக்கி மறுபடி வைத்தார்.

"டாக்டர், அதுக்கு சொத்தைப் பல்லெல்லாம் இல்லை," என்றார் சித்தப்பா.

"முப்பத்தி நாலு," என்றார் செயலாளர்.

மணி பதினொன்று நாற்பது. சித்தி மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, செவுள் சீராக அசையும்வரை காத்திருந்து, தண்ணீரில் விட்டாள். பிறகு செயலாளர் நீட்டிய படிவத்தில், ஈரக் கையாலேயே, முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினாள். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அதுவரை வீசிக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

"இனிமே எப்ப வேணும்னாலும் வீசலாம் மேடம்."

வீசினாள். இருட்டும்வரை நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அடுத்த வருடம் சங்கத்தில் சித்தியைத் துணைச் செயலாளராக்கினார்கள். பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்யும் வேலையை என்னிடம் தந்தாள். அதில்தான் பார்த்தேன்: முப்பத்தோரு உறுப்பினர்களில் முப்பது பேருக்கும் சோதனையில் வைத்த அளவு இருபத்தைந்து சென்டிமீட்டர்.